கண்ணாயிரத்தின் கடல்தொட்டி

கண்ணாயிரம் யாரையும் ஏமாற்றிப் பிழைத்தவர் இல்லை. அவரைத் தெரிந்தவர்கள் எல்லோரும் அதை ஒத்துக்கொள்வார்கள். கீழ்பென்னாத்தூர் பக்கம் கரும்பும் வேர்க்கடலையும் போடும் குடும்பத்தில் நாலாவது பிள்ளையாகப் பிறந்தவர். ஐ.டி.ஐ.யில் கட்டட வரைபடம் படித்துவிட்டு, இருபத்திரண்டு வயதிலிருந்து திருவண்ணாமலையில் வீட்டுப் பிளான் போட்டுக்கொண்டிருந்தார். கலெக்டர் ஆபீஸ் வந்த பிறகு வேங்கிக்காலில் வயல்கள் மனைகளாகப் பிரிந்து வீடுகள் எழும்பின. அவற்றில் எத்தனையோ வீடுகளின் படிக்கட்டு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று முடிவு செய்தவர் அவர்தான். அந்த வீடுகளில் ஒன்றின் வாசலில்கூட அவர் பெயர் கிடையாது. அதைப் பற்றி அவர் குறைப்பட்டதும் இல்லை.

இன்ஜினியர் செழியனின் அலுவலகம் வேங்கிக்காலில் ஒரு மாடியில் இருந்தது. செழியன் அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். ஆனாலும் முதலாளி என்பதால் கண்ணாயிரம் அவரை 'சார்' என்பார். வயதுக்கு மரியாதை கொடுத்து அவர் இவரை 'அண்ணா' என்பார். வாடிக்கையாளர் உட்காரும் முன்அறை, செழியனின் அறை, கம்ப்யூட்டர் அறை. அவ்வளவுதான் அலுவலகம். கம்ப்யூட்டர் அறையில் மட்டும் ஏ.சி. உண்டு. அதில் கண்ணாயிரமும் அபிநயா என்ற பெண்ணும் உட்கார்ந்து வரைவார்கள். அபிநயாவுக்கு இருபத்துமூன்று வயது. பாலிடெக்னிக் முடித்துவிட்டுத் தண்டராம்பட்டு பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோவாள். கம்ப்யூட்டரில் கோடு போடுவதில் கண்ணாயிரத்தைவிடக் கெட்டிக்காரி. அவர் ஒரு தூணை நகர்த்துவதற்குள் அவள் ஒரு மாடியை முடித்துவிடுவாள்.

2007 கடைசியில் அலுவலகத்துக்கு பிராட்பேண்ட் வந்தது. புதிதாக வீடு கட்டும் ஒருவர் ஹால் சுவரிலேயே மீன்தொட்டி பதிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். அதற்குப் படம் தேடியபோதுதான் கண்ணாயிரம் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். ஏதோ ஒரு நாட்டில், யாரோ ஒருவருடைய ஆபீஸ் மேசை மேல், கம்ப்யூட்டர் திரையளவுகூட இல்லாத கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு துண்டுக் கடல். பாறை, பாறை மேல் பச்சையும் ஆரஞ்சுமாக விரிந்த பவளம், ஒரு இறால். பவளம் என்றால் மோதிரத்தில் பதிக்கும் சிவப்புக் கல் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார். அது உயிருள்ள பிராணி, அதற்கு வாய் உண்டு, வெளிச்சம் அணைந்தால் சுருங்கிக்கொள்ளும் என்றெல்லாம் படித்தபோது, சாப்பாட்டு நேரம் தாண்டியதுகூட அவருக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஒரு மாதம் தினமும் மதியம் படித்தார். தொட்டியின் தண்ணீர் எப்போதும் இருபத்தாறு டிகிரியில் இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. திருவண்ணாமலை வெயிலில் அவருடைய வீட்டில் அது நடக்காது. ஏ.சி. இருக்கும் இந்த அறையில் நடக்கும். ஒரு தொட்டி வைத்துக்கொள்ளலாமா என்று செழியனிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"வெச்சுக்கோங்கண்ணா, எனக்கு இன்னா போவுது? வர்றவங்களுக்கும் பார்க்க நல்லா இருக்கும். ஒண்ணே ஒண்ணு, யூ.பி.எஸ். லைன்ல மட்டும் எதையும் மாட்டக்கூடாது. அது கம்ப்யூட்டருக்கு மட்டும்."

"சரிங்க சார்" என்றார் கண்ணாயிரம். அந்த 'சரிங்க சார்' பிற்பாடு எத்தனையோ நாள் அவர் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஜனவரியில், பௌர்ணமிக் கூட்டம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்து, இரண்டு இருபது லிட்டர் கேன்களோடு பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறினார். கரைத் தண்ணீர் ஆகாது, அலை தாண்டி உள்ளே போய் எடுக்க வேண்டும். ஒரு மீனவரிடம் கெஞ்சிக் கேட்டதில், அந்த மனிதர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "ஊரே கடல்ல மீன் புடிக்க வருது, நீ தண்ணி புடிக்க வந்துருக்கியே" என்று சொல்லி, படகில் ஏற்றிப் போய் நிரப்பிக் கொடுத்தார். திரும்பும் வழியில் எல்லைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். பாண்டிச்சேரியிலிருந்து இரண்டு கேன் நிறைய வெள்ளைத் தண்ணீரோடு ஒருவர் வந்தால் போலீஸ்காரருக்கு வேறு என்ன தோன்றும்?

"இன்னாய்யா இது?"

"கடல் தண்ணிங்க சார்."

"கடல் தண்ணி? நாப்பது லிட்டரு?" போலீஸ்காரர் மூடியைத் திறந்து முகர்ந்தார். நம்பிக்கையில்லாமல் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். முகத்தைச் சுளித்துக் காறித் துப்பினார். பஸ்ஸே சிரித்தது. கண்ணாயிரமும் சிரித்தார். மறுநாள் இதை அலுவலகத்தில் சொன்னபோது அபிநயா சிரித்த சிரிப்பில் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சென்னையில் ஒரு வண்ணமீன் கடைக்காரரிடம் கடலின் சின்னஞ்சிறு உயிர்கள் ஒட்டியிருக்கும் துளைத்துளையான உயிர்ப்பாறைகள் நாலு வாங்கி, ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். கல்போல் வளரும் பவளத்தைச் சட்டப்படி யாரும் தொடக்கூடாது என்று அந்தக் கடைக்காரர் முதலிலேயே சொல்லிவிட்டார். மெத்தென்று இருக்கும் பொத்தான் பவளம் வைத்துக்கொள்ளலாமாம். ஆனால் அதற்கும் அவசரப்படக்கூடாது. பாறையில் செத்ததெல்லாம் அழுகி, தண்ணீர் தானாகத் தெளிய வேண்டும். அந்த நாலு வாரம் அறையில் கருவாட்டு நாற்றம். வேறு யாராவது இருந்தால் சண்டைக்கு வந்திருப்பார்கள். அபிநயா ஜன்னலோரமாக நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டாள், அவ்வளவுதான்.

பாறைத் துளை ஒன்றிலிருந்து விசிறி போல ஏதோ வெளியே வந்து, சட்டென்று உள்ளே போனதை முதலில் பார்த்தவளும் அவள்தான். "சார், உள்ள யாரோ இருக்காங்க!" என்று கத்தினாள். இரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டுக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு அரை மணி நேரம் காத்திருந்தார்கள். ஒரு புழு. விரல்நகத்தில் பாதி அளவுக்குச் சிவப்பு விசிறி. காசு கொடுத்து வாங்காமல் பாறைக்குள் ஒளிந்து தானாக வந்து சேர்ந்தது. மார்ச்சில் ஒரு இறாலும் பொத்தான் பவளமும் வந்தன. பதினோரு பொத்தான்கள், நடுவில் பச்சை, ஓரத்தில் செம்மண் நிறம். திங்கள்கிழமை காலையில் அவற்றை எண்ணுவது அபிநயாவின் வேலை. ஜூன் மாதம் இருபத்தாறு எண்ணினாள். வாடிக்கையாளர்கள் முன்அறையை விட்டு உள்ளே வந்து நின்று பார்த்தார்கள். செழியனுக்குப் பெருமை. கண்ணாயிரத்தின் பெயரை முதன்முறையாக வெளியாட்கள் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

அந்த வருஷம்தான் மின்வெட்டு வந்தது. தினமும் இரண்டு மணி நேரம், வாரத்துக்கு ஒரு நேரம் என்று மாறி மாறி. தண்ணீரைச் சுழற்றும் மோட்டார் நின்றால் தொட்டிக்குள் எதுவும் அசையாது. தண்ணீர் அசையாவிட்டால் உள்ளே இருப்பதற்கெல்லாம் மூச்சுமுட்டும். முதல் வாரமே இறால் செத்து மல்லாந்து கிடந்தது. பேட்டரி போட்டு ஓடும் சின்ன காற்று பம்பு வாங்கினார். பத்து நாளில் அது பழுதாகி நின்றது. ஜூலையில் ஒரு நாள் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, கண்ணாயிரம் பீரோவுக்குப் பின்னால் ஒரு வயரை இழுத்து, மோட்டாரை யூ.பி.எஸ்ஸில் மாட்டினார். எட்டு வாட் மோட்டார். எறும்பு தின்று யானைக்குக் குறையவா போகிறது என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அத்தோடு நிறுத்தியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஏ.சி. நிற்கும்போது தண்ணீர் சூடாகிறதே என்று ஆகஸ்டில் ஒரு சின்ன ஃபேனையும் அதே வயரில் சேர்த்தார். தொட்டியின் விளக்கும் அதே எக்ஸ்டென்ஷன் பெட்டியில்தான் இருந்தது. விளக்கு நிறையக் கரண்ட் இழுக்கும் என்று அவருக்குத் தெரியும். அதனால் மின்சாரம் போனதும் எழுந்து போய் விளக்கின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்து உட்காருவார். பார்ப்பவர்களுக்கு அது பவளத்தைத் தூங்கவைப்பது போலத் தெரியும். அபிநயாவும் அப்படித்தான் நினைத்தாள்.

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை. செங்கம் சாலையில் ரமணாசிரமம் தாண்டி ஒரு விடுதிக்கு இடம் அளக்க கண்ணாயிரம் போயிருந்தார். செழியன் சென்னையில். அபிநயா மட்டும் ஒரு திருமண மண்டபத்தின் வரைபடங்களை வைத்து வேலை செய்துகொண்டிருந்தாள். மூன்று வாரத்து வேலை, திங்கள்கிழமை கொடுக்க வேண்டியது. பதினொன்றரைக்கு மின்சாரம் போனது. வழக்கமாகப் பதினைந்து நிமிடம் யூ.பி.எஸ். தாங்கும். அவள் பதறாமல் ஒவ்வொரு கோப்பாகச் சேமித்து மூடிக்கொண்டிருந்தாள். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை, திரை கறுத்துவிட்டது. மின்சாரம் திரும்பி வந்தபோது கம்ப்யூட்டர் திறக்கவே இல்லை. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. சி.டி.யில் எடுத்து வைத்திருந்தது ஒன்றரை மாதத்துக்கு முந்தையது.

கண்ணாயிரம் மத்தியானம் திரும்பி வந்தபோது அபிநயா அழுதுகொண்டிருந்தாள். அவர் கண் முதலில் தொட்டிக்குத்தான் போனது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காலையில் அவர் போட்டுவிட்டுப் போன விளக்கு. அந்தக் கணமே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

சாயங்காலம் செழியன் வந்தார். அவ்வளவு கோபமாக அவரை யாரும் பார்த்ததில்லை.

"பதினஞ்சு நிமிஷம் இருக்கு. ஒரு ஷட்டவுன் பண்ண முடியலையா உன்னால? போன்ல பேசிட்டு இருந்தியா?"

"இல்ல சார். சத்தியமா ரெண்டு மூணு நிமிஷத்துல போயிடுச்சு சார்."

"நேத்து வரைக்கும் பதினஞ்சு நிமிஷம் நின்னது இன்னிக்கு மட்டும் ரெண்டு நிமிஷமா? சரி, நாளைக்கு மெக்கானிக் வரட்டும். டெஸ்ட் பண்ணிப் பார்ப்போம்."

கண்ணாயிரம் வாயைத் திறக்கவில்லை. கோபம் ஆறட்டும், நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தார். சேலத்தில் இன்ஜினியரிங் படிக்கும் மகனை நினைத்தார். நாற்பத்தேழு வயதில் வேறு யார் வேலை கொடுப்பார்கள் என்று நினைத்தார். அந்த ராத்திரி அவர் தூங்கவில்லை. காலையில் எல்லோருக்கும் முன்னால் போய்க் கதவைத் திறந்து, பீரோவுக்குப் பின்னால் கையை விட்டு, அந்த பிளக்கை உருவினார். வயரைச் சுருட்டித் தன் பையில் போட்டுக்கொண்டார். தொட்டியைச் சுவரில் இருந்த சாதாரண பிளக்கில் மாட்டினார்.

பத்து மணிக்கு மெக்கானிக் இளவரசன் வந்தான். மீதியிருந்த கம்ப்யூட்டரையும், அவன் கொண்டுவந்த இன்னொன்றையும் ஓட வைத்து, மெயினை அணைத்தான். நாலு பேரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பதினேழு நிமிடம் ஓடியது.

"யூ.பி.எஸ். நல்லாத்தான் சார் இருக்கு" என்றான் இளவரசன்.

அபிநயா கடிகாரத்தையும் யூ.பி.எஸ்ஸையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கண்ணாயிரத்தைப் பார்த்தாள். 'நீங்களாவது சொல்லுங்க சார், நான் பொய் சொல்ற பொண்ணா' என்பது போல இருந்தது அந்தப் பார்வை. அவர் குனிந்து செருப்பைச் சரிசெய்தார். பொய் வேறு சொல்கிறாயா என்று எல்லோர் எதிரிலும் திட்டி, அன்றைக்கே செழியன் அவளை நிறுத்திவிட்டார். மண்டபத்துக்காரர் வேறு இன்ஜினியரிடம் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் தொட்டி என்றைக்கும் இல்லாதபடி செழித்தது. அந்த மாதமே மின்வெட்டு நேரம் விடியற்காலைக்கு மாறி, அப்படியே நிலைத்தது. வெயில் ஏறுவதற்கு முன் என்பதால் தண்ணீர் சூடாகவில்லை. கண்ணாயிரம் விடியலிலேயே வந்து, மின்சாரம் வரும்வரை சொம்பால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டு நிற்பார். பொத்தான்கள் பாறையின் மறுபக்கம்வரை படர்ந்தன. திங்கள்கிழமைகளில் எண்ண ஆளில்லை. அவருக்கு எண்ணப் பிடிக்கவில்லை. வாடிக்கையாளர் யாராவது, "ஐயோ, எவ்ளோ அழகு!" என்றால் எழுந்து வெளியே போய்விடுவார்.

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு, வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் மாடி ஏறி வந்தார். மெலிந்த ஆள். கையில் பூசணிக்காய் ஒன்று. பெயர் வேணு, அபிநயாவின் அப்பா. செழியன் இல்லை. கண்ணாயிரம்தான் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

"பொண்ணு உங்களப் பத்தி நெறைய சொல்லுமுங்க. உங்ககிட்டதான் தொழிலக் கத்துக்கிட்டேன்னு சொல்லும்" என்றார் வேணு. "தப்பு பண்ணது வாஸ்தவம்தான். சின்னப் பொண்ணு. இன்ஜினியர் சார் மனசு வெச்சு மறுபடி சேர்த்துக்குவாராங்க?"

கண்ணாயிரம் ஏதோ முனகினார். வேணுவின் கண் தொட்டி மேல் போனது. எழுந்து பக்கத்தில் போய்ப் பார்த்தார்.

"இது உயிரோட இருக்குங்களா?"

"இருக்குங்க."

"பரவால்லியே" என்றவர், தொட்டியைப் பார்த்தபடியே பேசினார். "நான் பண்ணலப்பா, மிஷின்தான்பா நின்னுபோச்சுன்னு அழுதுச்சு. மொதல்ல நானும் நம்புனேன். அப்புறம் மெக்கானிக்கே மிஷின் நல்லா இருக்குன்னு சொல்லிட்டாருன்னு கேள்விப்பட்டேன். தப்பு பண்ணா ஒத்துக்கணும், பொய் சொல்லக் கூடாதுன்னு அடிச்சுட்டேங்க. பொறந்ததுல இருந்து அன்னிக்குத்தான் கை நீட்டுனேன். ஒரு மாசமா எங்கிட்ட பேசறது இல்ல. தை மாசம் மாப்பிள்ள ஊட்டுக்காரங்க வராங்க. வேலைக்குப் போயிட்டு இருந்தாலாவது இன்னும் ஒரு வருஷம் தள்ளிப் போடலாம்னு பார்த்தேன்."

கண்ணாயிரம் அப்போதாவது சொல்லியிருக்கலாம். கீழே கூட்டிப் போய் டீ வாங்கிக் கொடுத்தார். பஸ் ஏற்றிவிட்டார். பூசணிக்காயை வாங்கிக்கொள்ள மறுத்தார். "எடுத்துக்கங்க சார், உங்களுக்குன்னு ஊட்டுல குடுத்தனுப்புனாங்க" என்று அவர் கையில் திணித்துவிட்டு வேணு போய்விட்டார்.

அன்றிரவு மனைவி தனத்திடம் எல்லாவற்றையும் சொன்னார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் கணவர் அழுது அவள் பார்த்ததில்லை.

"சொன்னா வேலை போயிடுங்களா?"

"போவலாம்."

"பையனுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. முடிஞ்சு போனது முடிஞ்சு போச்சு. அந்தப் பொண்ணுக்கு வேற வேலை கெடைக்கும். உங்களுக்குக் கெடைக்குமா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, இருட்டில், "எனக்குச் சொல்லாமலே இருந்திருக்கலாம் நீங்க" என்றாள்.

அவள் சொன்னதைச் சாக்காக வைத்து இன்னும் பன்னிரண்டு நாள் கடத்தினார். அந்தப் பன்னிரண்டு நாளும் சோறு இறங்கவில்லை. பிளானில் கதவு இருக்க வேண்டிய இடத்தில் சுவரை வரைந்து வைத்தார். பதிமூன்றாம் நாள் செழியனின் அறைக்குள் போய், உட்காராமல், எல்லாவற்றையும் சொன்னார். யூ.பி.எஸ்ஸில் மாட்டியதை, மெக்கானிக் வருவதற்கு முன் உருவியதை, ஒன்றுவிடாமல்.

செழியன் ரொம்ப நேரம் பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தார்.

"ஏண்ணா, தொட்டிக்குத் தனியா ஒரு யூ.பி.எஸ். வேணும்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா வாங்கிக் குடுத்திருப்பேனே."

திட்டியிருந்தால் தேவலை. வேலையை விட்டுப் போ என்று சொல்லியிருந்தாலும் தேவலை. கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் என்பதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது.

"அந்தப் பொண்ணு..." என்று ஆரம்பித்தார் கண்ணாயிரம்.

"வேற ஆளுக்குச் சொல்லியாச்சுண்ணா. இனிமே கிளறி என்ன ஆவப் போவுது? நமக்குள்ள இருக்கட்டும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கண்ணாயிரம் தண்டராம்பட்டு பஸ் ஏறி, வழி கேட்டு வேணுவின் வீட்டுக்குப் போனார். வேணு முகம் மலர்ந்து, "வாங்க சார், வாங்க" என்று நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார். நல்ல செய்தி என்று நினைத்துவிட்டார். அபிநயா உள்ளேயிருந்து வந்து கதவோரம் நின்றாள். இளைத்திருந்தாள். கண்ணாயிரம் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். வேணுவின் முகம் மெல்ல மெல்ல மாறியது. அவர் மகளைப் பார்க்கத் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அபிநயா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"பிளக்க எப்ப சார் புடுங்குனீங்க? மெக்கானிக் வர்றதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடிம்மா."

"அப்ப நான் கடிகாரத்தைப் பார்த்துட்டு நின்னப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

அவள் தலையாட்டினாள். அழவில்லை. "எங்கப்பாகிட்ட சொல்லிட்டீங்க, சரி. செழியன் சார் எல்லார் எதிர்லயும்தான் என்னப் பொய்க்காரின்னு சொன்னாரு. எல்லார் எதிர்லயும் மறுபடி டெஸ்ட் பண்ணணும். அதே மாதிரி மாட்டி, அதே விளக்கைப் போட்டு. அந்த மெக்கானிக்கும் வரணும். அதைச் செய்வீங்களா சார்?"

செய்வதாகச் சொன்னார். செழியன் முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. "இதென்ன பஞ்சாயத்தா?" என்றார். கண்ணாயிரம் வாழ்க்கையில் முதல் தடவையாக முதலாளி எதிரில் குரலை உயர்த்தினார். சோதனை நடக்காவிட்டால் தான் இனி வேலைக்கு வரப்போவதில்லை என்றார்.

சனிக்கிழமை பகல், அபிநயாவும் வேணுவும் வந்தார்கள். இளவரசன் வந்தான். புதிதாகச் சேர்ந்திருந்த சிந்துஜா என்ற பெண் ஒன்றும் புரியாமல் ஓரமாக நின்றாள். கண்ணாயிரம் தன் பையிலிருந்து அந்த வயரை எடுத்து, பீரோவுக்குப் பின்னால் விட்டு மாட்டினார். மோட்டார், ஃபேன், விளக்கு. பிளக் இரண்டு முறை நழுவியது. அபிநயாவே மெயினை அணைத்தாள்.

ஏ.சி. நின்ற அறையில் தொட்டி மோட்டாரின் சத்தம் மட்டும் கேட்டது. யூ.பி.எஸ். 'கீ கீ' என்று கத்த ஆரம்பித்தது. இரண்டு நிமிடம் நாற்பது வினாடியில் கம்ப்யூட்டர் திரை கறுத்தது, தொட்டி இருண்டது.

இளவரசன்தான் முதலில் பேசினான். "மன்னிச்சுக்கங்க மேடம். இப்படி ஒரு வயரு இருக்கறது எனக்குத் தெரியாது."

வேணு மகளின் கையைப் பிடிக்கப் போனார். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. பிடித்துக்கொள்ளவும் இல்லை.

செழியன் அபிநயா பக்கம் திரும்பினார். "சரிம்மா, தப்பு எங்க மேலதான். திங்கக்கிழமையிலிருந்து வா. ரெண்டு பேருக்குமே வேலை இருக்கு."

"வேணாம் சார். எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் குடுங்க. ரெண்டு வருஷம் நாலு மாசம்னு சரியாப் போட்டு."

சர்டிபிகேட் அச்சாகி, கையெழுத்தாகி வரும்வரை அவள் முன்அறையிலேயே உட்கார்ந்திருந்தாள். கம்ப்யூட்டர் அறைக்குள் திரும்ப வரவில்லை. கண்ணாயிரம் கிட்டே போய், "என்ன மன்னிச்சுடும்மா" என்றார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"உங்கள அப்பா மாதிரி நெனச்சேன்னு சொல்ல மாட்டேன் சார். ஆனா அந்த ஆபீஸ்ல ஒருத்தர் என்ன நம்புவாருன்னு நெனச்சேன்" என்றாள். மன்னித்தேன் என்றோ, மாட்டேன் என்றோ சொல்லவில்லை. படியிறங்கிப் போய்விட்டாள்.

கண்ணாயிரம் தொட்டியைக் கலைத்துவிடத்தான் நினைத்தார். பாறையையும் பவளத்தையும் சென்னைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று இருந்தார். செழியன் விடவில்லை. வருகிறவர்கள் கேட்கிறார்கள், இருக்கட்டும் என்று, திங்கள்கிழமையே ஒரு புது யூ.பி.எஸ். வாங்கிக்கொண்டு வந்து தொட்டியின் கீழே வைத்தார். ஆக, தினமும் காலையில் கண்ணாயிரம்தான் அதற்கு இரை போட வேண்டியிருந்தது. வற்றிய அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. கண்ணாடியில் படிந்த பாசியைச் சுரண்ட வேண்டியிருந்தது. அந்த உயிர்களின் மேல் அவருக்கு வெறுப்பு ஒன்றும் இல்லை. அவை என்ன செய்யும்? பழைய ஆசை போய்விட்டது, அவ்வளவுதான். வேலையைப் போல அதைச் செய்தார்.

தை மாதம் அபிநயாவை யாரும் பெண் பார்க்க வரவில்லை, வேலூரில் ஒரு கட்டட நிறுவனத்தில் சேர்ந்து விடுதியில் தங்கியிருக்கிறாள் என்று இளவரசன் மூலமாகத் தெரிந்தது. அப்பாவிடம் பேசுகிறாளா இல்லையா என்பதை அவன் சொல்லவில்லை.

2009 கோடையில் ஒரு மதியம், சாப்பிட்டுவிட்டு வந்த சிந்துஜா தொட்டி முன்னால் குனிந்து நின்றுகொண்டு, "அந்த அக்கா இப்ப எப்படி சார் இருக்காங்க?" என்று கேட்டாள்.

"வேலூர்ல இருக்கறதா சொன்னாங்கம்மா."

"நீங்க ஒரு போன் பண்ணிக் கேக்கலாமே சார்."

கண்ணாயிரம், "அந்தப் பொண்ணு பண்ணா எடுப்பேம்மா. நானாப் பண்ண எனக்கு வாய் இல்ல" என்று சொல்லிவிட்டு, பாதியில் விட்டிருந்த படிக்கட்டை வரைய உட்கார்ந்தார்.